மதிப்பெண்ணும் மதிப்பீடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதைக்கென அமைந்த இந்த மேடையில் கல்லூரித் தேர்வைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். இன்றைய இளைஞர் பலர் கவிதையைப் பாடத்திலும் தேர்வுத்தாளிலும்தான் சந்திக்கிறார்கள். பலருக்கு அதுவே கடைசிச் சந்திப்பாகவும் முடிந்துவிடுகிறது. ஆகவே இது கவிஞர்களின் கவலையும் ஆகும் என்னும் துணிவில் இங்கு நிற்கிறேன்.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இளங்கலை மாணவியர்க்கு அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று நடத்தினேன். செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாடலின் உவமையை விளக்குமாறு ஐந்து மதிப்பெண் வினா. திணை, கூற்று, துறை, உவமைப் பொருத்தம் என்று என் கையில் விடைக்குறிப்பு இருந்தது. ஒரு மாணவி அவற்றுள் எதையும் எழுதவில்லை. "செம்மண்ணில் விழுந்த மழைநீர் நிறம் மாறிவிடுகிறது, மண் மாறவில்லை. அப்படியானால் இருவரில் மாறியவர் யார்? இதைத் தலைவன் சொல்கிறான். தலைவி என்ன நினைத்தாள்?" என்று கேட்டு நிறுத்தியிருந்தாள். நான் ஐந்துக்கு ஒன்று இட்டேன். ஏன் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அவளை அழைத்துக் கேட்கவும் இல்லை.

அடுத்த தேர்வில் அதே மாணவி குறிப்புநூல் வாக்கியங்களை எழுத்துப் பிசகாமல் எழுதினாள். முழு மதிப்பெண் கொடுத்து, "தேறிவிட்டாள்" என்று மகிழ்ந்தேன். பல ஆண்டுகள் கழித்து அப்பாடலை மீண்டும் நடத்தும்போதுதான் ஒன்று உறைத்தது. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் கூறியது என்பதே அப்பாடலின் துறை. என் விடைக்குறிப்பில் துறை வெறும் சொல்லாக இருந்தது. அந்தப் பெண்ணோ துறையின் பெயரை எழுதாமலே அதன் உயிரைத் தொட்டிருந்தாள். அவள் கற்பதை என் தேர்வு நிறுத்திவிட்டது.

தேர்வு எதற்காக? இக்கேள்விக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இதே பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. 1943இல் உருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் தோன்றிய நிலையம் அது. ஐயரவர்கள் தம் வாழ்வில் சந்தித்த இரண்டு தேர்வுகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க வந்த இளைஞரை, பிள்ளையவர்கள் ஒரு செய்யுளைச் சொல்லச் செய்தார். அதற்குப் பொருளும் சொல்லச் செய்தார். நிகண்டு பாடம் உண்டா என்று வினவினார். இவருக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஆசிரியர் அறிவதற்கான தேர்வு அது.

இரண்டாவது தேர்வு 1880இல் நிகழ்ந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்துவிட்ட ஐயரவர்கள், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை. அந்த ஒரு வினா, அறிந்தவற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் காட்டியது. அதோடு நிற்காமல், முதலியார் பின்னர் சிந்தாமணிப் பிரதியையும் தேடித் தந்தார். 1887இல் ஐயரவர்களின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. வினவியவர் மதிப்பெண் இட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இம்மரபு இலக்கணத்திலும் உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் கல்வியில் கால்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால். தாமே பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கணக்கிடுகிறார். நம் தேர்வுகளோ முதற் காற்பங்கை மட்டுமே அளந்துவிட்டு, முழுமையும் அளந்ததாக எண்ணிக்கொள்கின்றன.

கல்லூரிகளுக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல இயலாது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக்குழு தன்னாட்சிக் கல்லூரிகளைப் பரிந்துரைத்தது. சென்னை இலயோலா கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை 1978இல் தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே பாடம் வகுத்து, அவரே மதிப்பிடும் உரிமை அவ்வாறு வந்தது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளிலும் 25 அகமதிப்பீட்டுக்கு, 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு என்னும் பகுப்பு வழக்கத்துக்கு வந்தது. அந்த இருபத்தைந்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? பெரும்பாலும் பெரிய தேர்வின் சிறிய நகலாக ஒரு தேர்வு. இணையத்திலிருந்தோ மூத்த மாணவரிடமிருந்தோ படியெடுத்த ஓர் ஒப்படைப்பு. வருகைப் பதிவுக்குச் சில எண்கள். பருவ இறுதியில் பட்டியலை ஒட்டிவிடுகிறோம். மாணவர் தாம் எங்கே தவறினோம் என்பதை அறியாமலே அடுத்த பருவத்துக்குப் போகிறார்.

1988இல் ரூத் பட்லர் என்னும் உளவியலாளர் பள்ளி மாணவரிடையே செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்துரை மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களின் பணியே பின்னர் மேம்பட்டது. எண்ணையும் கருத்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் மேம்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடும் போலும். 1998இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, கற்கும்போதே நிகழும் மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது என்று காட்டினர்.

இவற்றைப் படித்தபின் என் வகுப்பில் மூன்று மாற்றங்கள் செய்தேன். இரண்டு ஒப்படைப்புகளுக்குப் பதில் ஒன்றே வாங்குகிறேன், ஆனால் இருமுறை. முதன்முறை மதிப்பெண் இடாமல், இரண்டு மூன்று வாக்கியங்கள் மட்டும் எழுதித் திருப்பித் தருகிறேன். திருத்தி எழுதிய பின்னரே எண். அடுத்து, வகுப்பில் நடத்தாத ஒரு பாடலைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். அதற்கு எந்தக் குறிப்புநூலும் உதவாது. மூன்றாவதாக, எவற்றுக்கு மதிப்பெண் என்பதை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, மாணவியர் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்து வினா எழுப்பச் செய்கிறேன்.

இது எளிதாக நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் அறுபது கட்டுரைகளுக்கும் கருத்தெழுத இரவுகள் வேண்டியிருக்கின்றன. "அம்மா, மார்க் எத்தனை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்கும் மாணவியர் இன்றும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் நாம் பழக்கிய பழக்கம் அது.

இன்னொரு தடையும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. பெயர் தெரியாதவர் திருத்தும் பொதுத்தேர்வில் வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காப்பு இருக்கிறது. தாளில் சாதி தெரியாது, முகம் தெரியாது. அகமதிப்பீடோ ஆசிரியரின் கையில் ஆயுதமாகிவிடலாம் என்று மாணவர் அஞ்சுகின்றனர், அவ்வச்சம் காரணமற்றதன்று. அதனால் பொதுத்தேர்வை ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் கையில் உள்ள பங்கையாவது வெளிப்படையாகச் செலவிட வேண்டும். அளவுகோல் முன்கூட்டியே தெரிய வேண்டும், தாள் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும், "ஏன் இந்த எண்?" என்று அஞ்சாமல் கேட்க இடம் வேண்டும்.

கவிஞர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வட்டத்தில் பத்தாண்டுகளாக நடப்பதும் இதுதானே! ஒருவர் கவிதை வாசிக்கிறார். "மூன்றாம் அடி தளர்கிறது", "அந்தச் சொல் ஒட்டவில்லை" என்று நண்பர்கள் கூறுகிறார்கள். அடுத்த மாதம் அதே கவிதை திருந்தி வருகிறது. எவரும் எவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று இட்டதில்லை. ஆயினும் முதல் கூட்டத்தில் தயங்கி வாசித்தவர் சிலர் இன்று நூல் வெளியிட்டிருக்கின்றனர். இப்பழக்கத்தைக் கல்லூரி வகுப்புக்குள்ளும் கொண்டுவர உங்களை அழைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள ஒரு கல்லூரிக்கு வாருங்கள். பரிசளிப்பதற்காக வரவேண்டாம். மாணவர் எழுதியதைப் படித்து, அவர்களிடம் ஒரு நல்ல கேள்வி கேட்க வாருங்கள்.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ அறியேன். அவள் விடைத்தாள் மறுபடி என் கைக்கு வருமானால், மதிப்பெண்ணை அடித்துவிட்டு, "தலைவி என்ன நினைத்தாள் என்று நீயே எழுதிக் கொண்டு வா" என்று எழுதுவேன். அது இனி இயலாது. ஆகவே இப்போது என் முன் அமர்ந்திருப்பவர்களின் தாள்களில் எழுதி வருகிறேன்.