ஊருக்கு கிராமசபை, நகரத்துக்கு?

கிராமசபை நம் எல்லோருக்கும் தெரியும். நகரத்திலும் அப்படி ஒரு சபை உண்டு. பெயர், பகுதி சபா.

தமிழ்நாட்டு நகரங்களில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் பகுதி சபா உறுப்பினர்தான். பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவிலும் உட்காருவார். அந்தக் குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். 2022 நவம்பர் 1 அன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில், அப்போதைய முதலமைச்சரே ஒரு பகுதி சபா கூட்டத்துக்கு வந்தார்.

நம்மால் என்ன சொல்ல முடியும் என்று தயங்காதீர்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்த முனையில் தேங்கும்? பொறியாளரின் வரைபடத்தில் அது இருக்காது. தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணனுக்குத் தெரியும். பூ விற்கிற அக்காவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதைப் பகுதி சபாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதிவிட்டால், அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.

இன்று கவுன்சிலரைப் பார்த்தால் கேளுங்கள்: "நம்ம பகுதி சபா எப்போங்க?"