மேனாட்டு விருந்து மேசையில்

படித்துப் பட்டம் பெற்று, தேர்விலும் தேறி, முதன்முறையாக மேனாட்டு முறை விருந்துக்கு அழைக்கப்பெறும் இளைஞர் பலர், பசியோடு சென்று பசியோடு திரும்புகிறார்கள். உணவு இல்லாமையால் அன்று. தட்டின் இருபுறமும் அணிவகுத்திருக்கும் கருவிகளுள் எதை எடுப்பது என்று தெரியாமையால். இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. 1888-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து கப்பலேறிய காந்தியடிகள், கத்தியும் முள்கரண்டியும் கையாளத் தெரியாமையாலும், புலால் கலவாத பண்டம் எது என்று கேட்கக் கூசியமையாலும், பொது மேசைக்கே செல்லாமல், உடன் கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இந்த அச்சத்திற்கு வேர், மேசை வழக்கம் மேனாட்டார்க்குப் பிறவியிலேயே வாய்த்தது என்னும் எண்ணம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கத்தி, கரண்டி, விரல்கள் ஆகியவற்றைக் கொண்டே உண்டனர். 1608-இல் இத்தாலிக்குச் சென்ற தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலேயர், அங்குள்ளோர் இறைச்சியை முள்கரண்டியால் பற்றி அறுப்பதை வியந்து, 1611-இல் வெளியிட்ட பயண நூலில் விவரித்தார். ஊர் திரும்பியபின் தாமும் அவ்வாறே உண்டு, நண்பரின் கேலிக்கு ஆளானார். பின்னர் அவரே, பெரும்பாலும் கால்நடையாக, நம் நாட்டிற்கு வந்து 1617-இல் சூரத்தில் காலமானார். ஆங்கிலேயர்க்கே நகைப்புக்கு இடமாயிருந்த கருவியை இன்று நாம் கற்பதில் நாணம் எதற்கு?

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு, மேசை வழக்கமும் ஒரு மொழியாகவே தோன்றுகிறது. நம் வாழையிலைக்கு இலக்கணம் இல்லையா? நுனி உண்பவரின் இடப்புறம் இருத்தல் வேண்டும். உண்டு முடித்தபின் இலையை நம் பக்கமாக மடித்தால் நிறைவு என்று பொருள். அந்த மடிப்புக்கு ஈடான மேனாட்டுச் சொல், கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வைப்பது. கண்டதும் பரிமாறுபவர் தட்டை எடுத்துச் சென்றுவிடுவார். இடையில் சற்று ஓய்வதாயின், இரண்டையும் கூரைச் சாய்வு போலப் பிரித்து வைத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் பாதி உணவோடு தட்டைப் பறிகொடுத்தவர் பலர்.

வரிசையை நினைவிற் கொள்வது எளிது. வெளிப்புறத்தில் இருப்பதை முதலில் எடுத்து, உணவுக்கு உணவு உட்புறமாக வரவேண்டும். ரொட்டித் தட்டு இடப்புறம், நீர்க்குவளை வலப்புறம். சூப்பைக் கரண்டியால் நமக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி முகந்து, ஓசையின்றிப் பருக வேண்டும். ரொட்டியையோ கத்தியால் அறுக்கலாகாது. விரல்களால் பிட்டே உண்ணவேண்டும். கையால் உண்பதை மேனாட்டு மேசையும் முற்றிலும் கைவிடவில்லை என்பதை நம்மவர் கவனிப்பதில்லை.

நம்மவர்க்கு உண்மையில் இடர் தருவது இடக்கை. ஆங்கில முறையில் வலக்கையில் கத்தி, இடக்கையில் முள்கரண்டி. உணவு வாய்க்குச் செல்வது இடக்கையால். இளமை முதல் "இடக்கையால் உண்ணாதே" என்று கேட்டு வளர்ந்தவர்க்கு இது மனத்தடை. பழகினால் பலர்க்கு நீங்கிவிடும். நீங்காதவர்க்கு அமெரிக்க வழக்கம் துணை செய்யும்: அறுத்தபின் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்து, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு உண்கின்றனர். இதனைக் குறை என்று எந்த மேசையும் கருதவேண்டியதில்லை. முள்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் பட்டாணியை ஏற்றும் ஆங்கில விதியைத்தான் நம்மால் எக்காலத்தும் மெச்ச முடியவில்லை.

புலால் உண்ணாதவர், அழைப்பை ஏற்கும்போதே அதனைத் தெரிவித்துவிடுதல் நலம். லண்டன் உணவகம் ஒன்றில், சூப்பில் புலால் உண்டா என்று பரிமாறுபவரை வினவ முற்பட்ட காந்தியடிகளை உடனிருந்த நண்பர் கடிந்து வெளியே அனுப்பினார். இந்நாளில் விருந்து அளிப்போரே இதனை முன்கூட்டிக் கேட்பதுண்டு.

முள்கரண்டி கீழே விழுந்தால் குனிந்து தேட வேண்டா. வேறொன்று கேட்டால் தருவார்கள். விருந்துக்குச் சில நாள் முன்பிருந்து வீட்டில் பழகுவோர், வேகவைத்த உருளைக்கிழங்கைத் தட்டில் இட்டு, ஒருமுறைக்கு ஒரு வாய் அளவே அறுத்து உண்டு பார்க்கலாம். இட்லி இதற்கு உதவாது. அது கத்திக்குச் சிறிதும் எதிர்ப்புக் காட்டுவதில்லை.