‘வேண்டாம்’ என்றாலும் நுழைந்த புழு

2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற கணினிப் புழு கிளம்பியது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. பேட்ச் போடாத விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 2000 கணினி இணையத்தில் இருந்தாலே போதும், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத் தானாக உள்ளே புகுந்துவிடும். இன்னும் 60 நொடியில் கணினி அணைந்துவிடும் என்ற அறிவிப்பு திரையில் வந்து, எண்கள் ஒவ்வொன்றாக இறங்கும். இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ‘அப்டேட் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்’ என்பதே அப்போது எங்கும் பேச்சாக இருந்தது.

அடுத்த மாதமே, செப்டம்பர் 18-ஆம் தேதி வாக்கில், அந்த அறிவுரையையே வேஷமாகப் போட்டுக்கொண்டு ஸ்வென் என்ற இன்னொரு புழு வந்தது. அது வந்த வழி மின்னஞ்சல். கடிதத்தைத் திறந்தால் மைக்ரோசாஃப்டின் சின்னம், அதன் வலைத்தளத்தில் பார்த்துப் பழகிய அதே வண்ணம், அதே அமைப்பு. செப்டம்பர் மாதத்துக்கான பாதுகாப்பு பேட்ச் இது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் அவுட்லுக்கிலும் உள்ள எல்லா ஓட்டைகளையும் அடைக்கும் என்று விளக்கம். எந்தெந்த விண்டோஸில் வேலை செய்யும், எப்படி நிறுவ வேண்டும் என்று ஓர் அட்டவணை. அடியில் பதிப்புரிமை அறிவிப்பு. கூடவே, ஏறக்குறைய 100 கிலோபைட்டில் ஓர் இணைப்பு.

அந்த இணைப்பைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுவப்போகிறோம், தொடரலாமா என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தினால் நிறுவுவதுபோல் ஒரு பட்டை நிரம்பிக்கொண்டே போகும். சந்தேகப்பட்டு ‘இல்லை’ என்று அழுத்தினாலோ, பட்டை எதுவும் தெரியாது. புழு மட்டும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். எதை அழுத்தினாலும் முடிவு ஒன்றுதான்.

உள்ளே வந்ததும் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடும். கணினியில் கிடைக்கும் முகவரிகளைத் திரட்டி, எல்லாருக்கும் தன்னையே அனுப்பும். நடுவில், மின்னஞ்சல் அமைப்பில் ஏதோ பிழை என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டி, முகவரியையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருந்த கணினிகளில் இணைப்பைத் தொடக்கூட வேண்டாம், கடிதத்தைப் பார்த்தாலே புழு ஓடத் தொடங்கும். அதற்கு வழிவிட்ட ஓட்டைக்கு 2001 மார்ச்சிலேயே பேட்ச் வந்திருந்தது.

இப்படி மாட்டியவர்களைப் பார்த்து, ‘கண்டதையும் திறந்தால் இப்படித்தான்’ என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்வென்னிடம் ஏமாந்தவர்களில் பலர், அறிவுரையைக் கேட்டு நடக்க நினைத்தவர்கள். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில் மின்னஞ்சலை வைத்திருந்தது அவர்களா? கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவைத்ததால், 2000-ஆம் ஆண்டு மே மாதம் வந்த ‘ஐ லவ் யூ’ புழு சாதாரண எழுத்துக் கோப்புபோலத் தெரிந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? வீட்டுக் கணினியில் எக்ஸ்பி நிறுவும்போது உருவாகும் கணக்குக்கே நிர்வாகி அதிகாரம் முழுவதையும் கொடுத்திருந்தார்கள். தவறி ஓடிய ஒரு நிரலுக்கும் அந்த அதிகாரம் அப்படியே கிடைத்தது. அதனால்தான் வைரஸ் தடுப்பையே புழுவால் நிறுத்த முடிந்தது.

இங்கேதான் அந்தப் பழைய விவாதம் வருகிறது. விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாறினால் தீர்ந்தது என்று ஒரு கட்சி. விண்டோஸை அதிகம் பேர் பயன்படுத்துவதால்தான் குறிவைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி. ஸ்வென் பரவிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில், டான் கீர், புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். உலகமே ஒரே இயங்குதளத்தை நம்பியிருந்தால் ஓர் ஓட்டை எல்லாரையும் வீழ்த்தும் என்பது அதன் சாரம். அறிக்கை வந்த கையோடு கீர் தன் வேலையை இழந்தார். அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்டும் ஒரு வாடிக்கையாளர்.

லினக்ஸ் கட்சி சொன்னதில் உண்மை இருந்தது. மின்னஞ்சலில் வந்த கோப்பு அங்கே ஓடும் அனுமதியோடு வராது. அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு வேறு கணக்கு. ஆனாலும் 1988 நவம்பரில் இணையத்தையே முடக்கிய மோரிஸ் புழு யூனிக்ஸ் கணினிகளில்தான் பரவியது. மேக்கின் கதையோ இன்னும் நெருக்கமானது. 2011-இல் அடோபி ஃபிளாஷ் பிளேயரை நிறுவுவதாகச் சொல்லிக்கொண்டு ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் வந்தது. பிறகு ஜாவாவின் ஓட்டை வழியாகவும் நுழைந்தது. அந்த ஓட்டையை ஜாவா நிறுவனமான ஆரக்கிள் 2012 பிப்ரவரியில் அடைத்தது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதைக் கொடுத்தது ஏப்ரலில். அந்த இடைவெளியில் சுமார் 6,00,000 மேக் கணினிகள் மாட்டியதாகக் கணக்கிட்டார்கள்.

ஆகவே, என் கருத்தில், எந்த இயங்குதளம் என்பது இரண்டாவது கேள்வி. அப்டேட் எந்த வழியாக வருகிறது, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாமே, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருந்தால்தான் தங்கள் அப்டேட்டை ஏற்கும். அந்தச் சோதனையைக் கணினி செய்கிறது. சின்னத்தையும் வண்ணத்தையும் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் ஃபயர்வாலைத் தானே இயங்கும்படி வைத்ததும் இதே திசையில் எடுத்த அடிதான். முன்பே செய்திருக்க வேண்டியது.

நேயர்களே, மைக்ரோசாஃப்ட் அப்போதே தெளிவாகச் சொன்னது: மின்னஞ்சல் இணைப்பாக நாங்கள் மென்பொருள் அனுப்புவதில்லை என்று. இன்று வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ ‘உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று ஒரு கோப்போ லிங்க்கோ வந்தால், ‘ஆம்’ என்றும் அழுத்தாதீர்கள், ‘இல்லை’ என்றும் அழுத்தாதீர்கள். அதை அப்படியே அழித்துவிட்டு, உங்கள் ஃபோனிலோ கணினியிலோ செட்டிங்ஸைத் திறந்து, அப்டேட் இருக்கிறதா என்று அங்கே பாருங்கள். இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.