சிறுநீரில் ஒரு நொதி

பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லி செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பந்தி தயார் என்பது எனக்கும் வாசனையில் தெரிகிறது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பட்டறை வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கிரியேட்டினின் பார்த்தாச்சு சார், நார்மல்தான்" என்பார்கள். சிக்கலே அங்கேதான். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். அதுவரை வலி கிடையாது, வீக்கமும் கிடையாது.

பழைய பேட்டரி உருக்கும் இடத்துக் காரீயமும், முலாம் பட்டறைக் காட்மியமும் முதலில் கைவைப்பது வடிகட்டியில் அல்ல, அதை அடுத்த நுண்குழாயில். அந்தக் குழாயின் செல்களுக்குள் என்.ஏ.ஜி. என்றொரு நொதி இருக்கிறது. (முழுப்பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுகிறேன்.) அதன் மூலக்கூறு எடை சுமார் 1,40,000. அதில் பாதிகூட இல்லாத ஆல்புமினையே வடிகட்டி தடுத்துவிடுகிறது. காசிமேட்டுச் சந்துக்குள் கன்டெய்னர் லாரி நுழையுமா? ஆகவே சிறுநீரில் இந்த நொதி கூடினால் அது ரத்தத்திலிருந்து வந்ததல்ல, குழாயின் செல் நைந்து சிந்தியது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியத்தால் வந்த 'இத்தாய் இத்தாய்' நோயை அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது. பிற்பாடு காட்மியம் படிந்த ஊர்களில் இத்தகைய சிறுநீர்ச் சோதனைகளை வைத்துத்தான் குழாய்ச் சேதத்தைக் கண்காணித்தார்கள்.

சோதனை நம் லேபிலேயே செய்யக்கூடியதுதான். நொதி வினைப்பொருளை உடைக்கும். காரம் சேர்த்ததும் மஞ்சள் நிறம் வரும். நிறமானியில் அளந்து, சிறுநீர்க் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். மாதிரியை வெயிலில் வைத்துவிட்டால் கெட்டுக் காரமாகி நொதி செத்துவிடும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, ஜென்டாமைசின் ஊசி இவற்றாலும் அளவு ஏறும். அதனால் ஒரே சீட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வேலையில் சேரும்போதே ஒரு தடவை பார்த்து வைக்க வேண்டும்.

வெப்பமும் சும்மா விடுவதில்லை. ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பார்த்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. அது ரத்தச் சோதனையில் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு?

கேட்க வேண்டியதை ஒரு தொழிலாளி என்னிடம் கேட்டுவிட்டார்: "ரிசல்ட்டை எங்கிட்ட குடுப்பீங்களா சார், மேனேஜர்கிட்ட குடுப்பீங்களா?" சோதனைக் குழாயைத் தொடுமுன் அதற்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.