தொட்டு அறிக: தோல் நோய்களை இனங்காணும் முறை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் வாழ்த்துக் கூறி அமர்வது மரபு. வாழ்த்தோடு பயனுள்ள செய்தி ஒன்றையும் கூற விழைகிறோம். 2022ஆம் ஆண்டு விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் மருத்துவமும் செவிலியமும் பயிலும் காலம் இது. அவர்களுக்கும், அவர்கள் முன் நோயாளியாக அமரப்போகும் நமக்கும் பொதுவான பொருள் தோல் நோய்.

தோல் நோயை அறிய மூன்று வேண்டும்: பகல் வெளிச்சம், பொறுமையான கேள்வி, தொடுகின்ற விரல். மூன்றாவதை அழுத்திச் சொல்கிறோம். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. ஆயினும் மேசைக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துச் சீட்டு எழுதும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அது அறமும் ஆகாது, மருத்துவமும் ஆகாது. வெப்பம், தடிப்பு, உணர்ச்சியின்மை ஆகியவை விரலுக்கே புலப்படும். மேனாட்டு நூல்கள் அழற்சியைச் 'சிவப்பு' என்று வருணிக்கும். நம் கருந்தோலில் அச்சிவப்பு கருமையாகவோ கருநீலமாகவோ தோன்றும். சில வேளை தோன்றவே தோன்றாது. அப்போது வழிகாட்டுவது தொடுகையே.

அன்றாடம் காண்பவற்றை முதலில் கூறுவோம். வட்டமாகப் பரவி, ஓரம் தடித்துச் செதிலுற்று, நடுவே தெளிந்து, அரிப்புத் தருவது படர்தாமரை. ஐயம் எழுந்தால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைக் காணலாம். கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையையோ வளர்க்கும். அதன்பின் நோய் உருமாறி மருத்துவரையும் மயக்கும்.

இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு கொப்புளம், வீட்டில் வேறொருவருக்கும் அதே தொல்லை: இவை சேர்ந்தால் சொறி எனக் கொள்க. கண்ணுக்கெட்டாத சிற்றுண்ணியே அதன் காரணம். நெருங்கி வாழும் எவரையும் அது பற்றும். 'அழுக்குச் சனம்' என்ற பழியை நாம் சுமக்க வேண்டியதில்லை. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினாலன்றி அது தீராது.

இனி, அச்சம் தரும் வெளிறிய படைகளுக்கு வருவோம். மார்பிலும் முதுகிலும் நுண்செதிலோடு படர்வது தேமல். குழந்தையின் கன்னத்தில் மங்கிய திட்டு தோன்றினால் 'வயிற்றில் பூச்சி' என்பது நம் ஊர் வழக்கு. பெரும்பாலும் அது வறண்ட தோலின் எளிய மாற்றமே. பால்போல் முற்றும் வெண்மையானது வெண்புள்ளி. அது தொற்றாது. அதனை 'வெண்குட்டம்' என்றழைத்துத் தொழுநோயோடு பிணைத்ததால் திருமணம் தடைப்பட்ட பெண்கள் பலர். அப்பெயரை நாம் விட்டொழிப்போம்.

இம்மூன்றிலும் உணர்ச்சி குன்றாது. நோயாளியின் கண்களை மூடச் செய்து, பஞ்சு நுனியாலோ பேனா முனையாலோ படையைத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டச் சொல்க. அங்கே உணர்ச்சி குன்றியிருந்தால் தொழுநோயை ஐயுறுக. முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா, விரல் வலுக்குன்றியதா என்றும் பார்க்க. தீயோடு பழகும் நம் தொழிலாளியின் கையில் கொப்புளம் இருந்து, சுட்டதே தெரியவில்லை என்று அவர் சொன்னால், அதைப் பொருட்படுத்தாமல் விடலாகாது.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 திங்கள் உண்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். நோயாளரை அடைத்துவைக்க இயற்றப்பட்ட 1898ஆம் ஆண்டுச் சட்டமும் 2016இல் நீக்கப்பட்டது. காலந்தாழ்த்தினால் விரல் மடங்கும். அந்த ஊனம் மருந்தால் மட்டும் நிமிராது. ஆகவே மறைப்பதே பெருங்கேடு.

இறுதியாக, நம் வட்டாரத்திற்கே உரிய கேள்வி ஒன்று. தொழில்வழி வரும் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, 'உன் தொழில் யாது?' என்று நோயாளியைக் கேட்குமாறு மருத்துவர்க்கு உரைத்தார். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? ஒரு மருந்து நோய் தீர்ப்பது. மற்றொன்று வெடிக்குள் செல்வது. வெடிக்குள் செல்லும் அலுமினியப் பொடியும் கந்தகமும் வியர்வையோடு கலந்து தோலை உறுத்தும். தீக்குச்சித் தலைக் கலவையில் பயன்படும் பொட்டாசியம் டைகுரோமேட்டோ, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டபின் சிறிதளவு பட்டாலும் கரப்பானை எழுப்பும். 'தீபாவளிக்குப் பின் ஆபீஸ் மூடியிருக்கும் நாள்களில் குறைந்ததா? திறந்ததும் மீண்டதா?' என்று கேளுங்கள். 'ஆம்' என்பது விடையானால் களிம்பு மட்டும் போதாது. பொருத்தமான கையுறை, நீர்வசதி, வேலை மாற்றம் ஆகியவையும் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்க வேண்டிய நோய்களுள் வைத்தது. பின்னர்த் தொழில்வழித் தோல் அழற்சியும் அப்பட்டியலில் சேர்ந்தது. மருத்துவச் சீட்டில் 'அரிப்பு' என்று மட்டும் எழுதினால் அத்தொழிலாளிக்குச் சான்று இல்லை. செய்யும் வேலையையும், தொட்ட பொருளையும், நாள் கணக்கையும் எழுதினால் அச்சீட்டே அவர் உரிமைக்கு ஆதாரமாகும்.

மருத்துவம் பயிலும் இளைஞர்களே! நோயாளியைத் தொட்டுப் பாருங்கள். தொழிலைக் கேட்டு எழுதுங்கள். பிற உறுப்பினர்களே! மருத்துவர் தொடாமல் எழுத முனைந்தால், 'ஐயா, தொட்டுப் பாருங்கள்' என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதற்கே நம் சங்கம் கல்வி வளர்க்கிறது.