வண்டி நின்ற பிறகு



காலையில் தெருமுனைக்கு அந்த மஞ்சள் பள்ளி வண்டி வந்து நிற்கிறது. பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பும் பெற்றோர் மனதில் ஓடுவதெல்லாம் வண்டியின் ஓட்டத்தைப் பற்றிய கவலைதான். டிரைவர் வேகமாகப் போவாரோ, லாரியை முந்துவாரோ, பிரேக் சரியாகப் பிடிக்குமோ என்று நினைக்கிறோம். கவலை நியாயமானதுதான். ஆனால் எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வண்டி நிற்கும் நேரமும், நின்ற வண்டி மறுபடி நகரும் அந்த முதல் சில விநாடிகளும்தான் அது. இன்றைய உரை அதைப் பற்றியது.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். தகுதிச் சான்று வாங்கிய பேருந்துதான் அது. எஃப்.சி. முடிந்த வண்டியில் ஒரு குழந்தை விழுகிற அளவுக்கு ஓட்டை எப்படி இருந்தது என்று ஊரே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், பள்ளி திறப்பதற்கு முன்னால், மாவட்டந்தோறும் ஆயுதப்படை மைதானம் போன்ற இடங்களில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் காவல்துறையினரும் கல்வித்துறையினரும் சேர்ந்து பார்வையிடுகிறார்களே, அந்த வழக்கத்துக்குப் பலம் கொடுத்தது அந்தச் சிறுமியின் மரணம்தான். தளப் பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதல் படி பிள்ளைகளின் காலுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனையும் நடக்கிறது. இதெல்லாம் உண்மையிலேயே பயனுள்ள வேலை, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மைதானத்தில் நிற்கும் வண்டியில் பிள்ளைகள் இல்லை. அவர்கள் ஏறுவதும் இறங்குவதும் அங்கே நடப்பதில்லை.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்புச் சிறுவன். பள்ளி வளாகத்துக்குள் வேன் வந்து நின்றது, அவன் பத்திரமாக இறங்கினான். வண்டியில் விட்டுவந்த ஏதோ ஒரு பொருளை எடுக்கத் திரும்பிப் போனான் என்று அப்போது செய்திகள் கூறின. அந்த வேன் மோதி அவன் இறந்தான். அங்கே வேகம் இல்லை, மழை இல்லை, எதிரே லாரி இல்லை. பள்ளியின் மதில் சுவருக்கு உள்ளேயே நடந்தது இது. பெற்றோர் கணக்கில் பயணம் முடிந்துவிட்டது, ஓட்டுநர் கணக்கிலும் முடிந்துவிட்டது. பிள்ளையின் கணக்கில் மட்டும் இன்னும் முடியவில்லை. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்தியது.

ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும்போது டிரைவரிடம் கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் வரும் சைக்கிள் நன்றாகத் தெரியும். பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தை தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அது கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் கீழே. கையிலிருந்த வாட்டர் பாட்டில் உருண்டு, அதை எடுக்கக் குனிந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பின்சக்கரத்துப் பக்கமும் இதே கதை. வண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்தடி தூரத்துக்கு ஓட்டுநரை நம்ப முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்ட ஓட்டுநர் என்பதால் சொல்லவில்லை. அந்தப் பத்தடி எந்த ஓட்டுநரின் கண்ணுக்கும் முழுதாக அகப்படாது.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் ரொம்பச் சின்னது. வண்டிக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் எடுக்கக் கூடாது. பென்சில் பாக்ஸ் போகட்டும், டிபன் டப்பா போகட்டும். வண்டியில் உடன் வரும் ஆயாம்மாவிடம் சொன்னால் அவர் எடுத்துத் தருவார். ஆனால் ஒரு விஷயம். புதுப் பாட்டிலைத் தொலைத்ததற்காக வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளை இந்தப் பாடத்தைக் கேட்காது, குனியத்தான் செய்யும். பொருள் தொலைந்தால் திட்ட மாட்டோம் என்று முதலில் நாம் வாக்குக் கொடுக்க வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்லலாம். வளாகத்துக்குள் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் ரிவர்ஸ் எடுப்பதே இருக்கக் கூடாது. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறும்படி பாதை அமைத்துவிட்டால் நல்லது. இடம் இல்லையென்றால், கடைசிப் பிள்ளை வகுப்புக்குள் போன பிறகு, ஒருவர் பின்னால் நின்று விசில் கொடுத்தபின் எடுக்கட்டும். கேமரா இருக்கிறதே என்பார்கள். மழை நாளில் அந்தக் கேமராவின் கண்ணாடியைத் துடைப்பது யார் என்று நான் கேட்பேன்.

இனி மாலை நேரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பயம் தரும் காட்சி ஒன்று மாலையில்தான் நடக்கிறது. வண்டி சாலையின் இடதுபுறம் நிற்கிறது, படிக்கட்டும் இடதுபுறம்தான். வீடு எதிர்ப்பக்கம். அம்மாவோ தாத்தாவோ எதிர்ப்பக்கத்திலேயே, தங்கள் வாசலில் நின்றபடி, "வாடா கண்ணு!" என்று கையாட்டுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மா முகம் தெரிந்துவிட்டால் நடுவில் சாலை இருப்பது தெரியாது. ஓடும். நின்ற வண்டி அதை மறைத்துக்கொண்டிருப்பதால், வண்டியைத் தாண்டி வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பிள்ளை வருவதே தெரியாது. எதிரே வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது, நாம் கடப்பதற்குள் வந்துவிடுமா என்று கணக்குப் போடும் திறமை எட்டு ஒன்பது வயதுக்கு முன் பிள்ளைகளுக்குச் சரியாக வருவதில்லை. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், சாதாரணச் சாலைகளில் இரண்டு பக்கத்து வண்டிகளும் நின்றாக வேண்டும் என்பது சட்டம். நம் சாலையில் அப்படி யாரும் நிற்கப் போவதில்லை. ஹாரன்தான் அடிப்பார்கள்.

அதனால் அழைத்துப்போக வருபவர் படிக்கட்டு திறக்கும் பக்கத்தில், படிக்கட்டுக்கு எதிரிலேயே நிற்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாலையிலிருந்து விலகி நின்று, வண்டி முழுதாகப் போன பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும். தாத்தாவுக்கு முழங்கால் வலி, சாலை தாண்டி வர முடியாது என்றால், மாலை டிரிப்பில் வண்டி திரும்பி வரும்போது வீட்டுப் பக்கத்திலேயே இறக்கிவிடச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். பத்து நிமிடம் தாமதமாகும், பரவாயில்லை. அழைக்க யாரும் வரவில்லையென்றால் பிள்ளையை இறக்கவே கூடாது, பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டேன் என்ற பதிலைப் பெற்றோரும் ஏற்கக் கூடாது, பள்ளியும் ஏற்கக் கூடாது.

தாமதம் என்றதும் செல்போன் ஞாபகம் வருகிறது. 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் ஒன்று குளத்தில் பாய்ந்து ஒன்பது குழந்தைகள் இறந்தார்கள். உடன் சென்ற இளம் ஆசிரியை பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து மீட்கப் போராடி, தானும் உயிரை விட்டார். ஓட்டுநர் செல்போனில் பேசிக்கொண்டு ஓட்டினார் என்று அப்போது சொல்லப்பட்டது. சரி, இன்று ஓட்டுநரின் போன் காலையில் எதற்காக அடிக்கிறது? "அண்ணே, வண்டி எங்க வருது?", "அண்ணே, ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ஷூ மாட்டிட்டு இருக்கான்." அடிப்பது நாம்தான். எடுத்தால் ஆபத்து, எடுக்காவிட்டால் பள்ளியில் புகார். டிரைவரின் எண்ணை அழித்துவிட்டு ஆயாவின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அடுத்தது தூங்கிப்போகும் பிள்ளை. ஆறு மணிக்கு எழுப்பிவிட்ட குழந்தை, வண்டியின் ஆட்டத்தில் கடைசி இருக்கையில் சுருண்டு தூங்கிவிடுகிறது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், கதவைப் பூட்டியாயிற்று. 2022 செப்டம்பரில் ஒரு சில நாள் இடைவெளியில் இரண்டு நாடுகளில் இது நடந்தது. கத்தாரில் இறந்தது கேரளக் குடும்பத்தின் நான்கு வயதுக் குழந்தை, அன்று அதற்குப் பிறந்தநாள். ஜப்பானில், ஷிசுவோகா மாகாணத்தில், மூன்று வயதுச் சிறுமி. வழக்கமான ஓட்டுநர் அன்று வரவில்லை. மழலையர் பள்ளியின் தலைவரே வண்டியை ஓட்டிவந்தார், எல்லாரும் இறங்கினார்களா என்று உள்ளே பார்க்கவில்லை. வகுப்பில் குழந்தை இல்லையே என்று வீட்டாரிடம் யாரும் கேட்கவும் இல்லை. சுமார் ஐந்து மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தபோது அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் காலியாக இருந்தது. வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் சூடு ஐம்பது டிகிரியை எட்டக்கூடும், பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடேறும். நம் ஊர் வெயிலுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஜப்பான் கொண்டுவந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2023 ஏப்ரல் முதல் மழலையர் பள்ளிப் பேருந்துகளில் ஒரு கருவி கட்டாயம். அதில் ஒரு வகை இப்படி வேலை செய்கிறது: எஞ்சினை அணைத்ததும் அலாரம் அலறத் தொடங்கும். அதை நிறுத்தும் பொத்தான் வண்டியின் பின்கோடியில் இருக்கும். அதை அமுக்கக் கடைசி இருக்கை வரை நடந்தே ஆக வேண்டும், நடந்தால் இருபுறமும் கண்ணில் படாமல் போகாது. நம் வண்டிகளில் அந்தக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பின் கண்ணாடியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, டிரிப் முடிந்ததும் அதைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைத்தால்தான் கையெழுத்து என்று ஒரு பள்ளி முடிவு செய்தால் போதும், நூறு ரூபாய்கூட ஆகாது. சொல்லாமல் வராத பிள்ளையின் வீட்டுக்கு முதல் பீரியட் முடிவதற்குள் போன் போக வேண்டும். லீவு என்றால் நாமும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் யார் செய்வது? பிள்ளையின் கையைப் பிடித்து இறக்குவதும், உருண்ட பாட்டிலை எடுப்பதும், போனை எடுப்பதும், கடைசி இருக்கை வரை நடப்பதும் ஓட்டுநரால் ஆகிற காரியமில்லை. எல்லாம் ஆயாம்மாவின் வேலை. 1997 நவம்பரில் டெல்லியில் பள்ளிப் பேருந்து யமுனை ஆற்றில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலேயே வேகக் கட்டுப்பாடு மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதோடு, பிள்ளைகளைக் கவனிக்கத் தகுதியான உதவியாளர் ஒருவர் உடன் வர வேண்டும் என்பதும் உண்டு. நம் மாநில விதிகளிலும் உண்டு. நடப்பது என்ன? பல இடங்களில் அவர் அந்த ஊர்ப் பெண்மணி. காலை டிரிப் முடிந்ததும் வகுப்பறை பெருக்குவார், கழிப்பறை கழுவுவார், மாலையில் மறுபடி வண்டி ஏறுவார். பயிற்சி என்று எதுவும் இருக்காது, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. லட்சக்கணக்கில் செலவழித்து ஜி.பி.எஸ்ஸும் கேமராவும் மாட்டுகிற பள்ளி, இந்த ஒரு மனுஷிக்கு இரண்டு நாள் பயிற்சியும் கௌரவமான கூலியும் கொடுத்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேட்பதும் இதில் சேர்ந்தது. வண்டியில் ஏற மாட்டேன் என்று திடீரென அடம்பிடிக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று தள்ளி ஏற்றிவிடாதீர்கள். உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். தவறான தொடுதலாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, போக்சோ சட்டம் இருக்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் தடுத்தாலும் நிற்க வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். ஃபீஸ், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகு எழுந்து, எங்கள் வண்டியில் வரும் ஆயாம்மாவின் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒருநாள் நாங்களும் வண்டியில் கூடவே வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெற்றோரோ ஆசிரியரோ உடன் பயணித்துப் பார்ப்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் அந்தப் பழைய நெறிகளிலேயே இடமுண்டு. உட்காரும்போது இன்னொன்றையும் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆயாம்மாவுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டால், அன்றைக்கு வண்டியில் யார் வருவார்கள்? அந்த ஆளின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.