கவையோன் நகரத்து முலாம்பழம்



கோடை விடுமுறைக்குப் பிரான்சு தேசம் செல்வோர் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் காண விரைவர். மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் ஒரு காலைப்பொழுதையேனும் ஆங்குள்ள ஊர்ச்சந்தையிற் கழித்தல் வேண்டும்.

தெற்கே, புரொவன்சுப் பகுதியில், கவையோன் என்றொரு நகர் உண்டு. துரான்சு ஆற்றின் வாய்க்கால்நீரும் நல்வெயிலும் பெற்று விளையும் அவ்வூர் முலாம்பழம் நாடெங்கும் பெயர்பெற்றது. 1864ஆம் ஆண்டில் நாவலாசிரியர் அலெக்சாந்தர் டுமா தம் நூல்களை அந்நகர் நூலகத்துக்கு வழங்க இசைந்தார். கைம்மாறாக அவர் கேட்டது, ஆண்டுதோறும் 12 முலாம்பழங்களே!

யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் சந்தைக்குச் சென்றால், "பகலுணவுக்கா, இரவுணவுக்கா?" என்று வியாபாரி வினவுவார். பழத்தைக் கையிலேந்தி நிறை பார்ப்பார், முகர்வார், காம்பைச் சுற்றி வெடிப்புண்டா என்று நோக்குவார். பிறகே எடுத்துத் தருவார். அப்பழத்தை அங்குள்ளோர் உணவின் தொடக்கத்திலேயே, உப்பிட்டு உலர்த்திய பன்றியிறைச்சியுடன் உண்பர்.

இன்று பிரான்சிலும் பேரங்காடிகள் பெருகிவிட்டன. அங்கே விலைச்சீட்டு உண்டு. எவ்வேளைக்கு என்று கேட்பார் இல்லை. ஆதலின், அந்நாடு செல்லும் அன்பர்கள் அவ்வாறு கேட்டுத் தரும் வியாபாரியிடமே பழம் வாங்குவாராக. கனியின் பதமறியும் அக்கலை நிலைக்க அதுவே வழி.